பட்டுக்கும் பாவத்துக்கும் நடுவே ஒரு ‘ம’

போன மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் என்னை ‘உஷ்’ என்று அடக்கினார்கள்.

தலை பாதி நரைத்தவளை… வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவளை… உஷ்! சொன்னவர் நூலகர் ஜெகதீசன். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் அரசாங்கம் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறதோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? சிரித்தேன். அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்து பட்டுப்புழு வளர்ப்புக் கையேடு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த பெண், “அத்தே, சமையல் குறிப்பு மாதிரியே எழுதியிருக்கறாங்க” என்றாள். எட்டிப் பார்த்தேன். கூட்டைப் பொறுக்கி எடு, ஆவி காட்டு, ஆறவிடு, வெந்நீரில் போடு, கிளறு… உப்பு மட்டும்தான் போடவில்லை. சிரிக்காமல் என்ன செய்வது?

அந்தப் பெண் தேன்மொழி. பிளஸ் டூ படிக்கிறாள். எங்கள் எதிர்வீட்டு ஏகாம்பரத்தின் மகள். ஏகாம்பரம் பட்டு நெய்கிறவர். ஆரணியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? காக்கைக்கு முன்னால் தறி கத்துகிற ஊர் இது. டக்… டடக்… டக். வெளியூர் போனால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த அமைதி பயமுறுத்துகிறது.

சரி, பட்டு நெய்கிறவர் மகளுக்கு நூலகத்தில் என்ன வேலை?

அவள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி. ஜெயித்தால் வேலூருக்கு, அடுத்த சுற்றுப் போட்டிக்கு. தேன்மொழிக்கு வக்கீலாக ஆசை. பால்காரர், கண்டக்டர், பிள்ளையார் என்று எல்லோரிடமும் வாதாடுகிறவள். தலைப்புக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஒருத்திக்கு மதுவிலக்கு. இன்னொருத்திக்கு வரதட்சிணை. இந்த இரண்டுக்கும் அக்காக்கள் பேசிப் பேசிப் பழுப்பேறிய பேச்சுகள் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே கையை உயர்த்த வேண்டும் என்ற குறிப்பு உள்பட.

தேன்மொழியின் சீட்டில் இருந்தது — ‘பட்டும் பாவமும்’.

ஒரு புடவைக்காக இத்தனை உயிர்களைக் கொல்வது பாவம் என்று பேச வேண்டும். அதுவும் ஆரணியில்! தலைப்பு தந்தவர் தமிழ் டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தவர். பாவம், அவருக்கு ஊர் தெரியாது.

ஏகாம்பரம் அன்று சாயந்திரம் தறிக்குழியை விட்டுத் தெருவுக்கே வந்துவிட்டார்.

“இன்னா டீச்சரம்மா அவங்க? வேற சீட்டு கேளுடி.”

“எடுத்தது எடுத்ததுதானாம்பா.”

“விழாவுக்குத் தலைமை யாரு, தெரியுமா? நம்ம முதலாளி!”

முதலாளி என்றால் கடைவீதியில் பட்டுக்கடை வைத்திருப்பவர். நெய்த புடவைகளைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தால் அடுத்த பாவு தருவார். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குத்தான் பாவு என்று பெயர். பாவு வந்தால் தறி ஓடும், அடுப்பும் எரியும். வராவிட்டால் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூரை ஓடுகளை எண்ண வேண்டியதுதான்.

“அவரு மூஞ்சிக்கு நேரா நின்னுகினு பட்டு பாவம்னு நீ பேசு. அடுத்த பாவு எவன் குடுப்பான்? நீ வேலூரு போவ. நாங்க எங்க போறது?”

பிள்ளையாரிடமே வாதாடுகிற தேன்மொழி, சீட்டை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றாள். “அத்தே, நீங்க பத்திரிகைல எழுதறீங்க இல்ல. உங்களுக்குத் தெரியாததா?”

பத்திரிகையில் எழுத எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்ற தொழில் ரகசியத்தை ஒரு சின்னப் பெண்ணிடம் உடைக்க மனம் வரவில்லை. “வா, லைப்ரரிக்குப் போகலாம்” என்றேன்.

“பட்டுக்கு எதிரா புக்கு இருக்குதுங்களா சார்?”

ஜெகதீசன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். “எதிரான்னா?”

“பட்டு கட்டறது பாவம்னு…”

“ஆரணியில உக்காந்துகினு கேக்கற கேள்வியாம்மா இது? பேஜார் புடிச்ச தலைப்பா கீதே! மதுவிலக்கு கேளு, ஜல்தியா எடுத்துத் தரேன். ஒரு அலமாரியே கீது.”

ஆனாலும் மனுஷன் சாவிக்கொத்தோடு எழுந்தார். கண்ணாடி அலமாரியைத் திறந்து கலைக்களஞ்சியத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்தார், தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி. தேன்மொழி பரபரவென்று புரட்டினாள். பட்டாணி வந்தது. பட்டினி வந்தது. அடுத்த பக்கம் — பண்டிகை!

நடுவில் பட்டு இருந்த இடத்தில் பிளேடு ஓடிய தடம். பட்டுப்பூச்சி படத்துக்காக யாரோ பக்கத்தையே அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பட்டினிக்கும் பண்டிகைக்கும் நடுவே பட்டைக் காணோம்… வெட்டியவன் யாராக இருந்தாலும் நல்ல கவிஞன்.

இதற்குள் விஷயம் பேப்பர் படிக்கிற பெஞ்சுக்குப் போய்விட்டது. எங்கள் நூலகத்தில் புத்தகத்துக்கு வருகிறவர்கள் கொஞ்சம். பேப்பருக்கு வருகிறவர்கள்தான் அதிகம். ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து, தலைப்புச் செய்தி ஒருவர், தொடர்ச்சி இன்னொருவர் என்று தேசத்தைப் பங்கு போட்டுப் படிப்பார்கள். வெங்காயம்கூடத் தொடாத ஒரு பெரியவர், “பூஜைக்குப் பட்டு வேட்டி கட்டறது தெய்வ காரியம். அந்தப் புழு நேரா மோட்சத்துக்குப் போவுது” என்றார். வாராவாரம் கறிக்கடையில் முதல் ஆளாக நிற்கிற இன்னொருவருக்குக் கண் கலங்கிவிட்டது. “வாயில்லாத ஜீவன்யா! வெந்நீர்ல போடறாங்களாமே!” ஆட்டுக்கு வாய் இருக்கிறது என்பதால் அவருக்கு அதில் பிரச்சினை இல்லை போலிருக்கிறது.

உஷ்! உஷ்!

கடைசியில் பட்டுக்கு எதிரான சாட்சி எங்கே கிடைத்தது தெரியுமா? பட்டு வளர்க்கச் சொல்லி அச்சடித்த அந்தக் கையேட்டில்தான். புழு தன் வாயிலிருந்து நூலை எடுத்துத் தன்னைச் சுற்றிக்கொள்கிறது. உள்ளே உறங்குகிறது. உறக்கத்தில் அதற்குச் சிறகு முளைக்கிறது. சிறகோடு அது வெளியே வந்தால் இழை அறுந்துபோகும். எனவே வெளியே வரவிடக் கூடாது. இவ்வளவையும் அந்தக் கையேடு நாலு வரியில், கொட்டாவி விடுகிற குரலில் சொல்லிவிட்டு அடுத்த பாராவில் தட்டுகளைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றிப் பேசப் போய்விட்டது.

தேன்மொழி அடுத்த பாராவுக்குப் போகவில்லை.

“றெக்கை மொளைக்கப் போவுதுன்னு அதுக்குத் தெரியுமா அத்தே?”

எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தெருக்கோடியில் யாரோ பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். வாடாமல்லி நிறத்தில் ஒரு நீளமான வெளிச்சம், தெருவுக்கு நடுவே, தரையைத் தொடாமல்.

பிறகு இங்கிலீஷ் கலைக்களஞ்சியம். அதில் ஒரு பக்கம், பக்கத்தில் ஓர் அகராதி, நடுவில் அவள் மூக்கு. வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் தேடித்தேடி மூன்று சாயந்திரம் ஓடியது. திடீரென்று ஒரு கூச்சல்.

“அத்தே! அஸ்ஸாம் பக்கத்துல ஒரு வகைப் பட்டு இருக்குதாம். பூச்சி வெளிய போன அப்புறம்தான் நூல் எடுக்கறாங்களாம். பறக்க வுட்டுட்டு எடுக்கறாங்க அத்தே!”

உஷ்! இந்தத் தடவை ஜெகதீசன் குரலில் சுரத்தில்லை. அவரே அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியாகப் பேச்சு தயார். பயமும் தயார். அப்போதுதான் விழா நோட்டீஸ் வந்தது.

எங்கள் ஊர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டரின் அண்ணன் நெய்கிறார், மாமனார் நெய்கிறார், கல்யாணம் ஆகிற வரை அவரும் நெய்தவர். டீச்சர் எழுதிக் கொடுத்த தாளில் ‘பட்டும் பாவமும்’ என்று பார்த்திருக்கிறார். பட்டும் பாவமுமா? என்ன பேத்தல் இது? வெளியூர் டீச்சர், தப்பாக எழுதிவிட்டார்… என்று பெருந்தன்மையோடு ‘ம’வைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்!

‘செல்வி தேன்மொழி — பட்டும் பாவும்.’

உலகத்தில் வேறு எந்த ஊர் கம்பாசிட்டருக்கும் இந்தத் தப்பு வராது. இந்த ஊரில் யாருக்கும் இது தப்பு என்றே தெரியாது.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் தொழிலைப் பற்றி ஒரு நெசவாளி மகள் மேடையேறிப் பேசுகிறாள்! ஜெயிக்கிற பெண்ணுக்குத் தன் கடையிலிருந்து ஒரு பட்டுப் பாவாடை என்று அறிவித்துவிட்டார். ஏகாம்பரம் அந்த நோட்டீஸை டீக்கடையில் ஒட்டினார், ரேஷன் கடையில் ஒட்டினார், தேவிகாபுரம் பஸ்ஸில்கூட ஒன்று ஒட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. “நம்ம பொண்ணு பாவு பத்திப் பேசப் போவுது. வந்துடுங்க, வந்துடுங்க!”

நான் தேன்மொழியைத் தனியே கூப்பிட்டேன். “கடவுளாப் பார்த்து ஒரு எழுத்தை எடுத்துட்டார். பேசாம பாவு பத்தியே பேசிட்டு இறங்கு. உங்கப்பா தறியும் நிக்காது, உனக்கும் வேலூர் கிடைக்கும்.”

“அப்ப நான் படிச்சது?”

“லைப்ரரிலயே இருக்கட்டும். அது எங்கயும் போகாது.”

“அந்தக் கலைக்களஞ்சியத்துல ஒரு பக்கம் போயிடுச்சே அத்தே” என்றாள்.

இந்தப் பெண்ணை வக்கீலுக்குப் படிக்க வைக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் தெருவே தாங்காது.

விழா. ஷாமியானா. மைக் ‘கொய்ங்’ என்றது. மேடையில் முதலாளி. முன்வரிசையில் அவர் மனைவி, அரக்குப் பட்டில், கைநிறைய வளையலோடு. பின்னால் கடைவீதியே உட்கார்ந்திருந்தது. அதற்கும் பின்னால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரம். மதுவிலக்கு வந்தது, போனது. வரதட்சிணை கண்ணீரோடு வந்து கைதட்டலோடு இறங்கியது.

தேன்மொழி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நோட்டீஸில் என் தலைப்பில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அது ‘பட்டும் பாவும்’ அல்ல… ‘பட்டும் பாவமும்’.”

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கடைவீதி மொத்தமும் முதலாளி முகத்தைப் பார்த்தது. தமிழ் டீச்சர் மட்டும் தலையாட்டினார். பாவம், அவருக்கு இன்னமும் ஊர் தெரியவில்லை.

“என் அப்பா பட்டு நெய்கிறார். நான் சாப்பிடுகிற சோறு பட்டில் வந்தது. அதனால் வெளியே நின்று கல்லெறிகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாவு எங்கிருந்து வருகிறது என்று அப்பாவைக் கேட்டேன். முதலாளி தருகிறார் என்றார். முதலாளிக்கு எங்கிருந்து வருகிறது? பெங்களூரிலிருந்து. அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் யாரும் போனதில்லை. நான் லைப்ரரி வழியாகப் போய்ப் பார்த்தேன்…”

பார்த்ததைச் சொன்னாள். கூடு, உறக்கம், சிறகு, ஆவி. கத்தவில்லை, அழவில்லை. கையேட்டின் அதே கொட்டாவிக் குரலில் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. கடைசியில் அஸ்ஸாம். “பறக்கவிட்ட பிறகும் பட்டு கிடைக்கிறது. அந்த நூல் இவ்வளவு மினுமினுக்காது. அறுந்து அறுந்து வரும். நமக்கு மினுக்கம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை… இதை ஆரணி யோசிக்காமல் வேறு யார் யோசிப்பது? நன்றி.”

முன்வரிசையில் முதலாளி மனைவி தன் முந்தானையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஏகாம்பரம் கைதட்டுவதற்காக இரண்டு கையையும் தூக்கி, மேடையில் முதலாளி முகத்தைப் பார்த்து, அப்படியே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

முதல் பரிசு அவளுக்குத்தான். ஆனால் பட்டுப் பாவாடை மேடைக்கு வரவே இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அவசர அவசரமாக ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கொடுத்து நிலைமையைச் சமாளித்தார்.

அதற்கப்புறம்தான் கதை.

ஏகாம்பரம் நெய்து முடித்த புடவைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளி வாங்கிக்கொண்டார். பாவு? “நாளைக்கி வா.” நாளைக்குப் போனால், “பெங்களூர்லேர்ந்து நூல் வரல.” பக்கத்து வீட்டுக்காரர் அதே கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அதே நூலில் பாவு வாங்கிக்கொண்டு போகிறார். எதிர்வீட்டுத் தறி நின்றுவிட்டது. என் காதில் ஒரு பல் விழுந்த மாதிரி… அந்த இடத்துக்கே நாக்கு போய்க்கொண்டிருந்தது. ஏகாம்பரம் மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் ஒருநாள் முதலாளியே கூப்பிட்டனுப்பினார்.

“யோவ் ஏகாம்பரம், உன் பொண்ணு பேசினாலும் பேசிச்சி, எங்க வீட்டுல அன்னிலேர்ந்து பட்டத் தொடமாட்டேங்கறாங்கய்யா! நூல் பொடவைய சுத்திகினு கோயிலுக்குப் போறாங்க. பட்டுக்கடைக்காரன் பொண்டாட்டி! என் கடைக்கு எவன் வருவான்? உன் பொண்ண வந்து எதிர்த்துப் பேசச் சொல்லு. அவங்க சரின்னா, உனக்குப் பாவு.”

தேன்மொழி என்னிடம் வந்தாள். “நான் சொன்னது பொய்யின்னு சொல்லணுமா அத்தே?”

“வக்கீல் ஆகணும்னா ரெண்டு பக்கமும் படிக்கணும்” என்றேன். வேறென்ன சொல்ல? எதிரே தறி நின்றுகிடந்தது.

மறுபடி நூலகம். ஜெகதீசன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ். “பட்டுக்கு ஆதரவாவா? வாம்மா, வாம்மா!” மேஜை நிறைந்துவிட்டது. அவள் படித்தாள். புழுவுக்கு மல்பெரி இலை பறிக்கிறவர்கள், நூல் எடுக்கிறவர்கள், சாயம் போடுகிறவர்கள், அவளுடைய அப்பா… இவர்களில் ஒருவரும் புழுவின் எதிரி இல்லை. எல்லோருக்கும் ஒரு வயிறு இருந்தது. “இந்தப் பக்கமும் நியாயம் இருக்குது அத்தே. அதான் பேஜாரு” என்று தலையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பெரிய மனிதர்கள் எட்டாத இடம் அது. எட்டிவிட்டால் மேடையில் கத்த முடியாதே!

முதலாளி வீட்டுக்குத் துணைக்கு நானும் போனேன். முதலாளி கடையில் இருந்தார். முதலாளியம்மா வெளுத்த சுங்குடிப் புடவையில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா. அவரு அனுப்பினாரா?”

“ஆமாங்க. எதிர்த்துப் பேசறதுக்கு…” தேன்மொழி தாள்களைப் பிரித்தாள். “மல்பெரித் தோட்டம் வெச்சிருக்கற குடும்பங்கள எடுத்துக்கிட்டா…”

“நிறுத்துடி” என்றார் அந்த அம்மா. கதவுப் பக்கம் ஒரு பார்வை. குரல் இறங்கியது. “புழுவ நான் இன்னா கண்டேன்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க போனாலும் பட்டு. எழவு வீட்டத் தவிர எல்லாத்துக்கும் பட்டு. சித்திரை வெயில்ல, கரண்டு போன மண்டபத்துல, ஒடம்பு முழுக்க ஜரிகையோட கடைக்கு போர்டு மாதிரி நிக்கறேன். முதுகெல்லாம் வேர்க்குரு. நூல் பொடவ கட்டறேன்னா, ‘கடை கௌரவம் இன்னாவறது?’ம்பாரு. இப்ப பாவம்னு சொன்னேன் பாரு… வாயத் தொறக்க முடியல மனுஷனால!”

தேன்மொழி தாள்களை மடித்தாள்.

“அப்பாவுக்குப் பாவு தரலங்க” என்றாள் மெதுவாக.

அந்த அம்மா ஊஞ்சலை நிறுத்தினார். “அப்படியா விஷயம்? இத ஏன் மொதல்ல சொல்லல?” என்று எழுந்தார். பிறகு ஒரு ஒப்பந்தம் போட்டார். கல்யாணம், கும்பாபிஷேகம் என்றால் பட்டு. மற்ற நாளெல்லாம் பருத்தி. சாயந்திரம் முதலாளி வந்ததும், இந்தப் பெண் ரொம்ப நன்றாக எதிர்த்துப் பேசினாள், அதனால்தான் இந்த அளவுக்கு இறங்கி வந்தேன் என்று சொல்லிவிடுவார்.

சொல்லியும்விட்டார். மறுநாள் ஏகாம்பரம் தோளில் பாவோடு வந்தார். முதலாளி அவரிடம், “கெட்டிக்காரப் பொண்ணுய்யா. எந்தப் பக்கம் பேசினாலும் ஜெயிக்குது” என்றாராம்.

ஆனால் அன்று அந்த வீட்டிலிருந்து திரும்பி வரும்போது தேன்மொழி தாள்களைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். இவ்வளவு தேடி, இவ்வளவு படித்து, தறியையே பணயம் வைத்துப் பேசி, கடைசியில் மனம் மாறிய ஒரே ஆளும் மாறியது இப்படி!

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். “பார்த்தியா தேனு… அந்தம்மா பட்டை விட்டது புழுவுக்காக இல்ல, புழுக்கத்துக்காக!”

அவள் நின்றாள். யோசித்தாள். சிரித்துவிட்டாள்.

“எதுக்கா இருந்தா இன்னா அத்தே? புழுவுக்குத் தெரியவா போவுது!”